சத்திக்குக் குளிசை கேட்டு வருபவரிடம் ஒரு கேள்வி

திருகோணமலை மாவட்டத்தில் பாமசி நடத்துபவர்களுக்கும், கிளினிக்குகளில் மருந்து கொடுப்பவர்களுக்கும், நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன். உங்களில் சிலர் என்னிடம் படித்திருக்கவும் கூடும். அப்படியானால் இரண்டு நரம்புக் கலங்களையும் அவற்றுக்கு நடுவே உள்ள இடுக்கையும் கரும்பலகையில் நான் எத்தனை முறை கீறினேன் என்பது நினைவிருக்கும். அந்தப் படத்தை அத்தனை முறை கீறிய கைதான் சென்ற ஆண்டு என் சொந்த அக்காவை மூன்று நாட்களில் மரக்கட்டையாக்கியது.

அக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோப்பாவும் காபிடோப்பாவும் சேர்ந்த குளிசை எடுக்கிறார். வலது கை நடுங்கும், அடி சற்றுக் குறுகும். மற்றபடி உப்புவெளியிலிருந்து தனியே பஸ் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போய்வருகிறவர். சென்ற ஆடியில் அவருக்கு ஓங்காளம் விடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு பாமசியில் "சத்திக்குக் குளிசை தாருங்கள்" என்றேன். துண்டு கேட்கவில்லை. யாருக்கு என்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெள்ளைக் கடதாசி உறையில் பத்துக் குளிசைகள் வந்தன. உறையின்மேல் "சத்தி – காலை, பகல், இரவு" என்று எழுதியிருந்தது.

மூன்றாம் நாள் மாலை தேத்தண்ணீர்க் கோப்பை அவர் கையிலேயே ஆறிப்போனது. முகத்தில் அசைவில்லை. "தம்பி, எழும்ப நினைக்கிறேன், உடம்பு கேட்கவில்லை" என்றார். நோய் முற்றிவிட்டது என்று நாங்களே தீர்ப்பெழுதிக்கொண்டு, பார்க்கின்சன் மருந்தைக் கூட்டித் தரும்படி கேட்கத்தான் அவரைக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம் பெண் வைத்தியர் கிளினிக் கொப்பியைத் திறப்பதற்கு முன்னரே, "இந்தக் கிழமை புதிதாக என்ன எடுத்தார்?" என்று கேட்டார். என் சட்டைப் பையில் உறை கிடந்தது. உள்ளே வெட்டிய பட்டியில் பாதிப் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது: '...குளோப்பிரமைட்'. மெட்டோகுளோப்பிரமைட். அவர் அதை மட்டும் நிறுத்தினார், வேறொன்றும் கூட்டவில்லை. பத்து நாட்களில் அக்கா மீண்டும் தானே தலை சீவினார்.

குற்றத்தில் பெரும்பங்கு என்னுடையது. அதனால்தான் மீதிப் பங்கைப் பற்றி உங்களுடன் பேச எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

கலத்தின் மேற்பரப்பில் இருந்துகொண்டு வெளியிலிருந்து வரும் இரசாயனச் செய்தியைப் பிடித்து உள்ளே சொல்லும் புரதத்துக்கு எங்கள் பாடநூல்களில் 'வாங்கி' என்று பெயர். தமிழ்நாட்டில் 'ஏற்பி' என்கிறார்கள். எனக்கு வாங்கிதான் பிடிக்கும். வாங்கியவர் திருப்பி ஏதாவது செய்யவேண்டும் என்ற கடன் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 1905இல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர், நிக்கோட்டினும் குராரே நஞ்சும் தசையில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவதைப் பார்த்து, இப்படி ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்று எழுதினார். கண்ணால் கண்டல்ல, ஊகித்துத்தான். போட்டி என்பதுதான் இங்கே முக்கியம். நம் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் கட்டிய கப்பல் சரக்கை இறக்கினால் ஊரில் வேலை நடக்கும். சரக்கே இல்லாத கப்பல் ஒன்று அதே மேடையில் நங்கூரமிட்டு நின்றால், சரக்குக் கப்பல் வெளியே காத்துக்கிடக்க வேண்டியதுதான். மெட்டோகுளோப்பிரமைட் அந்த வெறுங்கப்பல். அது பிடிப்பது, மூளையில் நரம்புக் கலங்களிடையே செய்தி கொண்டுசெல்லும் டோப்பமீன் என்ற இரசாயனத்தின் மேடையை.

டோப்பமீனுக்கு ஐந்து வகை வாங்கிகள் உண்டு. டி1 முதல் டி5 வரை. நம் கதை டி2 பற்றியது. மூளைத்தண்டின் அடியில், சத்தியைத் தூண்டும் ஒரு சிறு பகுதியில் டி2 இருக்கிறது. அதை அடைத்தால் ஓங்காளம் நிற்கும். மூளையின் ஆழத்தில், அசைவைச் சீர்செய்யும் கலங்களிலும் அதே டி2 இருக்கிறது. அங்கே டோப்பமீனின் வேலை பிரேக்கைத் தளர்த்துவது. பார்க்கின்சன் நோயாளிக்கு டோப்பமீன் செய்யும் கலங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்துபோய், மீதி வாழ்க்கை, மூளைக்குள் போய் டோப்பமீனாக மாறும் லெவோடோப்பாக் குளிசையில் ஓடுகிறது. அந்தக் கொஞ்சத்தையும் மேடைக்கு வரவிடாமல் அடைத்தால் பிரேக் இறுகும். ஒரே வாங்கி, இரண்டு இடங்கள், ஒரே குளிசை. அக்காவுக்கு வந்த ஓங்காளமே லெவோடோப்பா மூளைக்கு வெளியே டோப்பமீனாக மாறியதால் வந்திருக்கலாம் என்று வைத்தியர் பிறகு சொன்னார். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்திருக்கிறேன்!

மாற்று இல்லாமல் இல்லை. டொம்பெரிடோனும் டி2வைத்தான் அடைக்கிறது. ஆனால் குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது பெரும்பாலும் தாண்டுவதில்லை. சத்தியைத் தூண்டும் அந்தப் பகுதியோ தடுப்புக்கு வெளியே இருக்கிறது. ஆனால் வயதானவர்களின் இதயத் துடிப்பை அது குழப்பக் கூடும் என்பதால் அளவை வைத்தியர்தான் சொல்லவேண்டும். ஒன்டான்செட்ரோன் டோப்பமீன் பக்கமே போகாமல் செரட்டோனின் வாங்கி ஒன்றை அடைக்கிறது.

சத்தியைவிட எனக்கு அதிகப் பயம் தலைச்சுற்றுக் குளிசைகளைப் பற்றித்தான். புரோகுளோபெராசின், சினரிசின், புளுனரிசின் மூன்றும் டி2வைத் தொடுபவை. நான்கு நாட்களுக்கென்று வாங்கியதை நான்கு மாதம் விழுங்கும் முதியவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். கை நடுங்கத் தொடங்கும். பிறகு அந்த நடுக்கத்துக்கு ஒரு மருந்து. முதல் குளிசையை நிறுத்தினால் அநேகருக்கு நடுக்கம் கிழமைகளிலோ மாதங்களிலோ அடங்கிவிடும். மெட்டோகுளோப்பிரமைட்டை நீண்ட நாள் எடுத்தால் வாயும் நாக்கும் தாமாகவே அசையும் கோளாறு வந்து நிலைத்துவிடலாம். 12 வாரங்களுக்கு மேல் வேண்டாம் என்ற கடும் எச்சரிக்கையை அமெரிக்காவில் 2009இலேயே அதன் பெட்டியில் போடச் செய்தார்கள்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. மூதூரிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி மகனைப் பற்றிப் பேச வந்தாள். காதில் குரல் கேட்கும் நோய்க்கு அவனுக்கு மருந்து நடக்கிறது. "குளிசை பிள்ளையை மரமாக்குகிறது, ஐயா, நிறுத்திவிட்டேன்" என்றாள். அவள் கண்டது சரி, செய்ததுதான் பிழை. அந்த மருந்துகள் பலவற்றின் பலனே டி2வை அடைப்பதில்தான் இருக்கிறது. மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகளின்படி, வாங்கிகளில் ஏறத்தாழ 65 சதவீதம் அடைபடும்போது குரல்கள் தணியத் தொடங்குகின்றன. 80 சதவீதத்தை நெருங்கினால் உடல் விறைக்கிறது. இடைவெளி அவ்வளவு சிறியது. அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம், விறைப்பைத் தணிக்கும் பென்ஸெக்சோல் குளிசையைச் சேர்க்கலாம். எல்லாம் வைத்தியரிடம் கேட்டு. திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பி வரக்கூடும். இதைக் கவுண்டரில் யாராவது அவளிடம் தமிழில் இரண்டு வசனமாகச் சொல்லியிருக்கலாம்.

நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் இது தங்களுக்கல்ல என்று மடலை மடித்துவிட வேண்டாம். சர்ப்பகந்தி மூலிகையிலிருந்து பிரித்த ரெசர்பின் என்ற மருந்து நரம்பு முனைகளில் சேமித்த டோப்பமீனைக் காலியாக்கும். 1957இல் சுவீடனில் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. லெவோடோப்பா ஏற்றியதும் எழுந்தன. பார்க்கின்சன் மருந்தின் கதை தொடங்குவது அங்கேதான். 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கும் முன்னர், 1937இலேயே தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோப்பாவைப் பிரித்திருந்தார்கள். ஆகவே கிளினிக் குளிசையோடு பூனைக்காலிச் சூரணமும் எடுப்பவர் ஒரே மருந்தை இரண்டு கடைகளில் வாங்குகிறார். அவரிடம் நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. சத்திக்கும் தலைச்சுற்றுக்கும் குளிசை கேட்டு வருபவரிடம், "யாருக்கு? அவருக்குப் பார்க்கின்சன் உண்டா, மனநல மருந்து ஏதும் எடுக்கிறாரா?" என்று கேளுங்கள். உறையில் மருந்தின் பெயரைத் தமிழில் முழுதாக எழுதுங்கள். எச்சரிக்கையெல்லாம் பெட்டிக்குள் மடித்துவைத்த தாளில் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறதுதான், ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி. பட்டியை வெட்டித் தரும்போது அந்தத் தாள் உங்கள் மேசையிலேயே தங்கிவிடுகிறது. வரிசையில் இருபது பேர் நிற்கிறார்களே என்றும் சொல்வீர்கள். மிச்சக் காசு எண்ணும் நேரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம்.

தவிர்க்கவேண்டிய மருந்துகளின் பெயர்களைத் தமிழில் அரைப்பக்கமாக எழுதி, அதே வைத்தியரிடம் காட்டித் திருத்தி வைத்திருக்கிறேன். வரும் கிழமை சைக்கிளில் கொண்டுவந்து தருகிறேன். கவுண்டரில் உங்கள் பக்கமாக ஒட்டிக்கொண்டால் போதும். அக்காவும் ஓட்டோவில் பின்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தான் யாரென்று சொல்லாமல் ஒவ்வொரு கடையிலும் சத்திக்குக் குளிசை கேட்டுப் பார்க்கவேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.