மரத்தில் தொற்றியதெல்லாம் ஒட்டுண்ணியா?

செயல் அலுவலர் அவர்களுக்கும், சாலையோர மரங்களைப் பராமரிக்கும் பிரிவினருக்கும் வணக்கம்.

சென்ற வாரத்து 'ஒட்டுண்ணி அகற்றும் பணி'யில் மா, புளி மரங்களிலிருந்து சுரண்டிய செடிகள் இன்னும் சாலையோரம் கிடக்கின்றன. குவியலில் பாதிக்கு மேல் வாண்டா ஆர்க்கிட். அது ஒட்டுண்ணி அல்ல, தொற்றுத் தாவரம். ஆணையில் உள்ள அந்தச் சொல்லைத் திருத்தக் கோரியே இம்மடல்.

2020க்குப் பிறகு தொற்று என்றாலே காய்ச்சல்தான் நினைவுக்கு வருகிறது. பேருந்துப் படியில் தொற்றிக்கொண்டு போகிறவர் டீசலைக் குடிப்பதில்லை. தாவரவியலிலும் அவ்வளவுதான் பொருள்: இன்னொரு செடியைப் பற்றி நிற்பது.

குவியலிலிருந்து ஒரு வாண்டா வேரை எடுத்துப் பாருங்கள். காய்ந்த வேர் வெள்ளி நிறமாக இருக்கும், தண்ணீர் தெளித்தால் பச்சை தெரியும். வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறைதான் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மரத்தின் சாற்றை அது தொடுவதே இல்லை. இதேபோல் மரத்தில் தொற்றும் முடவாட்டுக்கால் என்ற பெரணி பாறையிலும்தான் வளர்கிறது. பாறையில் எந்தச் சாற்றை உறிஞ்சுகிறதாம்?

நிஜ ஒட்டுண்ணி புல்லுருவி. கிளையோடு சேரும் இடம் முடிச்சாகப் புடைத்திருக்கும், கையால் பிய்த்தால் வராது. பச்சை இலை இருப்பதால் உணவைத் தானே தயாரிக்கும்; நீரையும் உப்புகளையும் உறிஞ்சுவேரால் மரத்திடம் திருடும். இதையோ முடிச்சுக்கு மேலே அரிவாளால் சீவிவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே தங்கிய வேரிலிருந்து மறுபடி தழைக்கும். முடிச்சிலிருந்து அடிமரப் பக்கமாக ஓர் அடியாவது தள்ளி, கிளையோடு அறுக்க வேண்டும், அதுவும் பழம் பழுக்கும் முன். பழுத்துவிட்டால் பறவைகள் பசையுள்ள விதையை அடுத்த கிளையில் ஒட்டிவிடும்.

மரத்தின் மேல் முளைக்கும் ஆலும் அரசும் வேறு கணக்கு. அவையும் உறிஞ்சுவதில்லை, ஆனால் வேர் தரை தொட்டபின் தாங்கிய மரத்தை நெரிக்கும். கன்றிலேயே எடுப்பது சரிதான்.

ஏணியில் ஏறியவர்மேல் குறையில்லை. 'மரத்தின் மேலுள்ள ஒட்டுண்ணிச் செடிகள் அனைத்தும்' என்று எழுதிக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஒட்டியதெல்லாம் ஒட்டுண்ணி என்றால், அதே மரங்களில் ஆணியடித்த விளம்பரத் தட்டிகளை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்? அடிமரத்தை நெருக்கிப் போட்ட சிமெண்ட் தளம் வேருக்குத் தண்ணீர் இறங்கவிடாததை எந்த ஆணையில் எழுதுவது? மன்னிக்கவும், கேட்க வந்தது இதுவல்ல.

குவியலில் வேர் காயாத வாண்டாக்கள் இன்னும் இருக்கின்றன. சொரசொரப்பான பட்டையுள்ள மரத்தில், இலை நிழல் விழும் பக்கமாகச் சணல் கயிற்றால் கட்டி, புது வேர் பிடிக்கும்வரை காலையில் தண்ணீர் தெளித்தால் பிழைக்கும். தொட்டி மண்ணில் புதைக்க வேண்டாம், அழுகிவிடும்.

அடுத்த தெருவில் பணி தொடங்குமுன் ஆணையில் 'ஒட்டுண்ணிச் செடிகள் அனைத்தும்' என்பதை நீக்கி, 'புல்லுருவியும் ஆல், அரசு கன்றுகளும் மட்டும். மற்றத் தொற்றுத் தாவரங்களைத் தொடக் கூடாது' என்று மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்த் தாவர ஆர்வலர்கள்