ஒளிராத பெனட்ரன்ட் திரவம் பற்றிய புகார்

அனுப்புநர்: ஆய்வுப் பிரிவு, வார்ப்புப் பட்டறை, கஞ்சிக்கோடு, பாலக்காடு மாவட்டம்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

வணக்கம். ஏப்ரல் கடைசியில் நீங்கள் அனுப்பிய ஃப்ளோரசன்ட் பெனட்ரன்ட் (வார்ப்பின் விரிசலுக்குள் ஊறி, புற ஊதா விளக்கில் ஒளிர்ந்து விரிசலைக் காட்டும் திரவம்) கேன்கள் இரண்டும் சரியாக ஒளிரவில்லை. போனில் சொன்னபோது, "உங்கள் விளக்கைப் பாருங்கள்" என்று வைத்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

விளக்கைப் பார்த்துவிட்டோம். விளக்கிலிருந்து 38 செ.மீ. தூரத்தில் புற ஊதாக் கதிர் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 1,000 மைக்ரோவாட் வேண்டும். எங்கள் மீட்டரில் 1,400 வருகிறது. அறை வெளிச்சம் 20 லக்ஸுக்குக் கீழேதான். திரவம் ஊற 15 நிமிடம் விட்டோம்.

அப்புறம், விரிசல் உள்ள சோதனைத் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு பாதியில் பழைய கேனில் மிச்சமிருந்ததையும் மறுபாதியில் உங்கள் புதியதையும் பூசினோம். கழுவி, விரிசலில் ஊறியதை வெளியே இழுக்கும் பவுடர் போட்டு, விளக்கைக் காட்டினோம். பழைய பக்கம் விரிசல் மஞ்சள் பச்சை நூல் போலப் பளிச்சென்று நின்றது. புதிய பக்கம் தண்ணீர் காய்ந்த தடம் மாதிரி மங்கல். அந்த மங்கல் கோடும் பாதி தூரம் போய் மறைந்துவிட்டது.

இந்தத் திரவங்களில் பெரும்பாலும் இரண்டு சாயங்கள் இருக்கும். முதல் சாயம் கண்ணுக்குத் தெரியாத 365 நானோமீட்டர் கதிரை வாங்கி நீலமாக விடும். அந்த நீலத்தை அடுத்த சாயம் வாங்கி, கண் நன்றாகப் பிடிக்கிற மஞ்சள் பச்சையாக விடும். இதில் ஒன்று கெட்டாலும் வெளிச்சம் குறையும். சூட்டில் சாயம் கெடும் என்பது உங்களுக்கே தெரியும். கேன்கள் இங்கே வருமுன் லாரி கம்பெனியின் தகரக் கொட்டகையில் ஒன்பது நாள் கிடந்தன. பாலக்காட்டுக் கோடை வெயில் சாதாரணமானதில்லை. எங்கள் சந்தேகம் அதுதான். கேனில் தயாரிப்புத் தேதி இருக்கும் இடத்தில் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதும் எங்களுக்கு உறுத்துகிறது.

இந்தத் திரவத்தை நம்பி 86 பம்ப் வார்ப்புகளைப் 'பாஸ்' என்று அனுப்பிவிட்டோம். இரண்டு, அழுத்தச் சோதனையில் கசிந்து திரும்பி வந்தன. மீதியையும் வரவழைத்து, கழுவி, மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் பையன்கள் மூன்று ராத்திரியாக இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டு கேன்களையும் திரும்ப எடுத்து, புதிய பேட்ச் அனுப்புங்கள். அதோடு அந்த பேட்ச்சின் ஒளிர்வுச் சோதனைச் சான்றிதழும் வர வேண்டும். மறு ஆய்வுச் செலவையும் ஏற்க வேண்டும். பில், மீட்டர் அளவுகள், சோதனைத் துண்டின் படங்கள் இணைத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஆய்வுப் பிரிவுப் பொறுப்பாளர்