திறந்திருந்த இரண்டு பட்டன்

நார்த்தாம்ப்டன்
நவம்பர் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை. இது அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படிக்கக் கண் கூசினால் தம்பியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

போன வாரம் இங்கே ஒரு பையன் காணாமல் போய்விட்டான். 15 வயது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினவன் அங்கே போகவும் இல்லை, வீடு திரும்பவும் இல்லை. அவன் போன் கடைசியாக உயிரோடு இருந்தது வாய்க்கால் பக்கம் என்று தெரிந்ததும் ஊருக்கே வயிற்றைக் கலக்கியது. நவம்பரில் இங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும்.

இந்த வாய்க்காலைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லண்டனிலிருந்து பர்மிங்காம் வரைக்கும் கிராண்ட் யூனியன் கால்வாய் ஓடுகிறது. 137 மைல், வழியில் 166 லாக். லாக் என்றால் மதகு மாதிரிதான், ஆனால் முன்னும் பின்னும் கதவு வைத்து, நடுவில் படகை நிறுத்தித் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கொண்டுபோவார்கள். அதிலிருந்து கேட்டன் என்ற இடத்தில் ஒரு கிளை பிரிந்து, 17 லாக் இறங்கி, எங்கள் ஊர் நென் ஆற்றில் வந்து சேர்கிறது. அந்தக் காலத்தில் கரையில் குதிரையைக் கட்டிப் படகை இழுத்தார்களாம். நம் பக்கிங்காம் கால்வாயில் தாத்தா மரக்காணத்து உப்பையும் சவுக்கு விறகையும் ஏற்றிக்கொண்டு, கரையில் நடந்து கயிறு பிடித்து இழுத்த கதையை நீங்கள் சொல்வீர்களே, அதை நினைத்துக்கொள்வேன். 1877, 78 பஞ்சத்தில் சனங்களைக் கூலிக்கு மண்வெட்ட வைத்து, அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள் அல்லவா, அந்தப் பக்கிங்காம் ஊர் எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. முதல் தடவை அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தபோது நம் ஊர் வாசனை அடித்த மாதிரி இருந்தது.

இன்றைக்கு இந்தக் கால்வாயில் சரக்கு அநேகமாக இல்லை. குடித்தனம்தான் இருக்கிறது. ஏழடி அகலமும் எழுபதடி வரைக்கும் நீளமும் உள்ள படகில் அடுப்பு, கட்டில், புத்தக அலமாரி எல்லாம் வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க வாழ்கிறார்கள். நிலையான படகுத்துறை இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இதனால் ஊருக்குள் சிலருக்கு அவர்கள்மேல் நல்ல எண்ணம் கிடையாது. முகவரி இல்லாத சனம் என்று பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். போன கோடையில் ஸ்டோக் புரூயர்ன் லாக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவு திறந்துவிடுகிற தொண்டு வேலைக்குப் போனேன் என்று சொன்னேன் அல்லவா, அப்போது பழக்கமானவர்கள்தான் எனக்கு இந்தப் படகுக்காரர்கள். எங்கள் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் போகாமல் இருந்தபோது, அவளுக்கென்று கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்துவிட்ட பாட்டி ஒருத்தி அங்கே இருக்கிறாள். இவர்களைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் அம்மா அன்றைக்குச் சாயங்காலமே போலீசுக்குச் சொல்லிவிட்டார். ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள் என்ற பேச்சே இங்கே இல்லை. சந்தேகம் வந்த உடனே சொல்லுங்கள் என்று போலீஸே சொல்கிறது. ராத்திரியே ஹெலிகாப்டர் சுற்றியது. மோப்ப நாய்களோடு தொண்டர்கள் வந்தார்கள். ஆனால் கரையோரத்தை அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவர்கள் படகுக்காரர்கள்தானே. கரியும் டீசலும் காஸ் சிலிண்டரும் விற்றுக்கொண்டு போகிற கரிப்படகுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் எல்லாப் படகையும் தொட்டுக்கொண்டு போகிறவர். யார் எங்கே கட்டியிருக்கிறார்கள், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் நாலு பேருக்குச் சொன்னார், அந்த நாலு பேர் அடுத்த நாலு பேருக்கு. 'கரைப்பாதைத் தந்தி' என்று இவர்கள் சொல்வது இதைத்தான். விடிவதற்குள் கேட்டனிலும், பிளிஸ்வொர்த்திலும், அதற்கு அப்பாலும் சேதி போய்விட்டது. படகு மணிக்கு நாலு மைல்தான் போகும். அந்த வேகத்தில் வாழ்கிறவர் கண்ணுக்குத் தப்புவது கஷ்டம்.

அவர் என்னையும் கூப்பிட்டார். வேலை முடிந்து ராத்திரி ஏழு மணிக்குப் போனேன். ஊர்ப் பக்கமிருந்து லாக் லாக்காக மேலே ஏறினோம், ஆறு பேர். ஒவ்வொரு லாக்கிலும் கதவுக்குப் பின்னால், உபரித் தண்ணீர் விழுகிற மூலையில், பாலத்துக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வாய்க்கால் நெஞ்சளவுதான் இருக்கும், ஆனால் லாக்குக்குள் ஆள் மூழ்கும். சுவர் முழுக்கப் பாசி, பிடிக்க ஒன்றும் கிடைக்காது.

எத்தனையாவது லாக் என்று நினைவில்லை. கீழ்க் கதவின் ஓரத்தில் கறுப்பாக, உப்பிப்போய், ஏதோ மிதந்தது. சட்டைக் கை மாதிரி ஒரு முனை அசைந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு படகுக்காரர் மண்டியிட்டு, நுனியில் கொக்கி போட்ட நீளக் கழியை மெதுவாக நீட்டினார். என் கையில் இருந்த டார்ச் ஆடியது. பக்கத்தில் இருந்த பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொக்கி மாட்டி இழுத்தார். கிழிந்த கரி மூட்டைப் பை. அதைக் கரையில் போட்டுவிட்டு அந்த ஆள் எழுந்திருக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்பா, அந்த நிமிஷத்தில் எனக்கு உங்கள் வேட்டி ஞாபகம் வந்தது. தம்பி பத்தாவது பரீட்சை முடிவு வந்த அன்று வீட்டை விட்டுப் போனானே, அன்றைக்கு ராத்திரி முழுக்க நீங்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டு விடிகாலையில் வந்தீர்கள். வேட்டி இடுப்பு வரை ஈரம், காலெல்லாம் சேறு. வழியில் சறுக்கி விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னீர்கள். நானும் நம்பினேன். இத்தனை வருஷம் கழித்து, இந்தக் குளிரில், லாக் ஓரத்தில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. நீங்கள் விழவில்லை. கால்வாயில் இறங்கிக் காலால் துழாவிக்கொண்டே நடந்திருக்கிறீர்கள். யாரும் துணைக்கு இல்லை. இங்கே எங்களுக்கு ஆறு பேர் இருந்தார்கள்.

பையன் மூன்றாம் நாள் காலையில் கிடைத்தான், உயிரோடு. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், படிக்கும்போது உங்களுக்குப் பதற்றமாக இருந்திருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்தது அந்தத் தொப்பி பின்னின பாட்டி. பக்கத்துப் படகுக்காரர் குளிர்காலத்துக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். படகின் முன்பக்கத்தைத் தார்ப்பாயால் மூடி, விளிம்பு முழுக்கப் பிரஸ் பட்டன் போட்டிருப்பார்கள். அவர் கிளம்பும்போது கூட நின்று ஒவ்வொன்றாக அழுத்திவிட்டது இந்தப் பாட்டிதான். அன்று காலை பார்த்தால் கீழே இரண்டு பட்டன் திறந்திருந்தது. முந்தின நாள் தேடியவர்கள் அந்தப் படகைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். போலீசுக்குப் போன் பண்ணிவிட்டு, பாட்டி தார்ப்பாயைத் தூக்கவில்லை. கெட்டிலை வைத்து டீ போட்டாள். இரண்டு கோப்பையோடு கரையில் உட்கார்ந்து, "தம்பி, சர்க்கரை எத்தனை?" என்று கேட்டாளாம். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து "ரெண்டு" என்று குரல் வந்தது. கரி மூட்டைமேல் படுத்திருந்ததில் அவன் முகமெல்லாம் கறுப்பு.

இன்னும் இரண்டு விஷயம். அன்று மத்தியானமே கரிப்படகுக்காரர் லாக்கு லாக்காகப் போய், அவன் படம் போட்ட காகிதங்களை எல்லாம் கிழித்து எடுத்துவிட்டார். திரும்பி வந்த பிள்ளை தெருவில் நடக்கும்போது தன் முகத்தைத் தானே சுவரில் பார்க்கக் கூடாது என்றார். இன்னொன்று, இங்கே இப்படித் திரும்பி வருகிற பிள்ளையோடு 72 மணி நேரத்துக்குள் ஒருவர் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அரசு வழிகாட்டுதலே இருக்கிறது. அவர் வீட்டு மனிதரும் இல்லை, போலீசும் இல்லை. ஏன் போனாய், எங்கே இருந்தாய், எதற்குப் பயந்தாய் என்று கேட்பார். திட்டுவதற்கு இல்லை, கேட்பதற்கு மட்டும்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. நம் வீட்டில் தம்பி திண்டிவனத்து டீக்கடை ஒன்றிலிருந்து திரும்பி வந்த அன்று அம்மா அழுதாள். நீங்கள் சோறு போடச் சொன்னீர்கள். நான் அவனை வாயில் வந்தபடி திட்டினேன். அந்த டீக்கடைக்காரர் யார், இரண்டு ராத்திரி எங்கே படுத்தான், என்ன நினைத்துக்கொண்டு பஸ் ஏறினான், இதில் ஒன்றையும் நாம் கேட்கவில்லை. மார்க்கைப் பற்றி மட்டும் பேசினோம்.

தம்பி, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பது நீதான் என்று எனக்குத் தெரியும். இந்த இடத்தில் சத்தமாகப் படிக்காமல் நிறுத்தினாலும் பரவாயில்லை. அன்றைக்குக் கேட்காததை இப்போது கேட்கிறேன்டா. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடு. சொல்ல வேண்டும் போல இருந்தால் சொல். இல்லையென்றால் அந்த டீக்கடையில் டீ எப்படி இருந்தது என்று மட்டும் சொல், போதும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்