அந்தப் பொண்ணு உயரம்தான், சரி. அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுத்த வாரம் கடலூரில் நடக்கப்போகும் கல்லூரி மாணவிகள் கூடைப்பந்துப் போட்டியைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். நம்ம ஊர்ப் பெண்கள் முதல் ஆட்டத்திலேயே மோதப்போகிற புதுச்சேரி அணியைப் பற்றி அதில் ஒரு பத்தி. பாதிப் பத்தி அவர்களுடைய பிவட் பொண்ணு, அதாவது கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிறவள், 6 அடிக்கு மேல் உயரம் என்பதற்கே போய்விட்டது, மீதிப் பாதி போன வருஷம் அவர்கள் தூக்கிய கோப்பைக்கு. அவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. என் மகள் கடலூர் அணியில் கார்டாக, பந்தைக் கொண்டுவருகிற இடத்தில், ஆடுகிறாள், அதனால் நான் நடுநிலையான ஆள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காலையில் யாரோ உங்கள் செய்தியைப் படம் எடுத்து அணியின் வாட்ஸ்அப் குழுவில் போட, எட்டு மணிக்குள் 11 அழுகை முகம் வந்து விழுந்தது. அணியில் மொத்தம் 12 பேர். பன்னிரண்டாவது ஆள் என் மகள், அவள் அப்போது எழுந்திருக்கவில்லை.

கோபத்தில் எழுதவில்லை. கிரிக்கெட் போக மிச்சம் இருக்கிற இடத்துக்குக் கபடியும் சிலம்பமுமே தள்ளுமுள்ளு, அதில் கல்லூரிக் கூடைப்பந்துக்கு நீங்கள் பத்து வரி ஒதுக்கியதே பெரிய விஷயம். ஆனால் அந்தச் செய்தி செய்த தப்பை நானும் ஒரு காலத்தில் செய்து தோற்றவன்.

1994-ல் நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம், அணியில் பந்தைக் கொண்டுபோகிற பாயின்ட் கார்டு. அப்போது ஆட்டம் 20 நிமிஷம் வீதம் இரண்டு பாதி, இப்போது இருக்கிற மாதிரி 10 நிமிஷக் கால்பகுதி நான்கு என்பது 2000-ல்தான் வந்தது. வெளியே நின்று போட்டால் 3 புள்ளி கிடைக்கிற த்ரீ பாயிண்ட் கோடும் கூடையிலிருந்து 6.25 மீட்டரில் இருந்தது, இப்போது 6.75. எங்கள் பி.டி. சார் என்னையும் இன்னொருவனையும் கூப்பிட்டு, ஒரு பழைய கணக்கு நோட்டைக் கையில் கொடுத்து, புதுச்சேரியில் எதிரணி ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார், டீக்குக் கொடுக்கவில்லை. (திரும்பி வரும்போது புதுச்சேரி எல்லையில் இருக்கிற கன்னியக்கோவிலில் பஸ் நின்றதும் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது, எதற்கு என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் இறங்கவில்லை, சத்தியமாக.)

எதிரணி பிவட் வார்ம் அப்பிலேயே கூடையின் ரிம்மைப் பிடித்துத் தொங்கினான். அவ்வளவுதான், அதற்கு மேல் எங்கள் கண்ணில் வேறு எதுவும் படவில்லை. மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்து நீட்டினோம். சார் வாசித்துவிட்டு, "ஏன்டா, மூணு பக்கமும் அவன் உயரம்தானா? அது இங்கேயிருந்தே தெரியுமே. அவனுக்குப் பந்து யாருடா கொடுக்கிறான்? எந்தப் பக்கம் திரும்பிப் போடுறான்? அவன் கைக்குப் பந்து போகலேன்னா அவங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு வழியில்லாமல் அந்த உயரமானவனுக்கு இரண்டு பேரைப் போட்டு ஆடினோம். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் மூலையில் சும்மா நின்றுகொண்டிருந்தான், அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை, எங்கள் நோட்டிலும் அவன் கிடையாது. அவன் அங்கேயிருந்து போட்டான், போட்டான், போட்டுக்கொண்டே இருந்தான். பிவட் எத்தனை புள்ளி எடுத்தான் என்று இன்றைக்கு எனக்கு நினைவில்லை, அந்தக் கண்ணாடி நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த வருஷம் மறுபடியும் நோட்டோடு போனோம். இந்த முறை பிவட்டைப் பார்க்கவே கூடாது என்று சார் உத்தரவு, அவனுக்குப் பந்து கொடுப்பவனையே பார்க்க வேண்டும். பார்த்தால், அவர்களுடைய பாயின்ட் கார்டுக்கு வலது கை ஒன்றுதான் கை. இடது பக்கம் தள்ளினால் இரண்டு டிரிபிளுக்குள், அதாவது தரையில் இரண்டு தட்டு தட்டுவதற்குள், பந்தைக் கையில் பிடித்துவிடுவான், பிடித்துவிட்டு யாராவது வந்து வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று தேடுவான். ஆட்டம் முழுக்க அவனை இடது பக்கமே விரட்டினோம். பிவட்டுக்குப் பந்து போய்ச் சேரவே இல்லை, பாவம், கையைத் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தான். ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். 4 புள்ளியில் தோற்றோம். எதிரணியைப் பற்றி அத்தனையும் எழுதிக்கொண்டு வந்தவர்கள் ஃபவுலுக்குக் கிடைக்கிற எங்கள் ஃப்ரீ த்ரோவை எண்ணிப் பார்க்கவில்லை, அன்றைக்கு நான் மட்டுமே 5 விட்டேன்.

உயரத்தைப் பார்த்து மலைத்துப்போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற கதை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. அங்கே மார்ச் மாதத்தில் நடக்கும் கல்லூரிப் போட்டியில் அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை எண் கொடுப்பார்கள், பலமான அணிக்கு 1, கடைசிக்கு 16. 2023-ல் 1-ம் எண் பர்டியூ, அவர்களிடம் 7 அடி 4 அங்குலத்தில் ஸாக் ஈடி. எதிரில் 16-ம் எண் ஃபேர்லி டிக்கின்சன், அந்த வருஷம் முதல் டிவிஷனில் ஆடிய 363 அணிகளில் சராசரி உயரத்தில் கடைசி. ஈடியோடு உயரத்தில் போட்டி போட அவர்கள் நினைக்கவே இல்லை. அவருக்கு முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று நின்றார்கள், பந்து கொண்டுவரும் கார்டுகளை மூச்சுவிட விடாமல் நெருக்கினார்கள், வெளியிலிருந்து போடுகிறாயா, போட்டுக்கொள் என்று விட்டார்கள். பர்டியூ த்ரீ பாயிண்டர் 26 போட்டு 5 தான் விழுந்தது. ஈடிக்கு 21 புள்ளி, 15 ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அதில் ஒன்றும் குறைவில்லை, ஆனாலும் ஆட்டம் 63-58 என்று சின்ன அணிக்குப் போனது. இரண்டு நாள் முன்னால் வேறொரு ஆட்டத்தை ஜெயித்த கையோடு, அவர்களுடைய பயிற்சியாளர் டோபின் ஆண்டர்சன் உடை மாற்றும் அறையில் பையன்களிடம், பர்டியூ ஆடுவதைப் பார்க்கப் பார்க்க இவர்களை நம்மால் ஜெயிக்க முடியும் என்றுதான் தோன்றுகிறது என்று பேசியிருக்கிறார், அது கேமராவில் சிக்கி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எனக்கு அந்தப் 'பார்க்கப் பார்க்க' ரொம்பப் பிடிக்கும். நாங்கள் 1994-ல் ஒரே பார்வையில் பயந்துபோய் நோட்டை மூடிவிட்டோம்.

கோப்பை விஷயத்துக்கு வருகிறேன். 1998-ல் அதே அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் போட்டியில் 16-ம் எண் ஹார்வர்டு, 1-ம் எண் ஸ்டான்ஃபோர்டை அவர்கள் சொந்தக் கோர்ட்டிலேயே 71-67 என்று ஜெயித்தது. ஆண்கள் போட்டியில் 16-ம் எண் ஜெயிக்க இன்னும் 20 வருஷம் ஆயிற்று, 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, இதை என் மகள் எனக்கு அடிக்கடி நினைவுபடுத்துவாள். ஹார்வர்டில் ஆலிசன் ஃபீஸ்டர் இருந்தார், அன்றைக்கு 35 புள்ளி எடுத்தார், அது ஒரு பக்கம். ஸ்டான்ஃபோர்டின் முக்கியமான இரண்டு ஆட்டக்காரிகளுக்குப் போட்டி நெருங்கிய நேரத்தில் முழங்காலில் அடிபட்டிருந்தது, அது இன்னொரு பக்கம். வருஷம் முழுக்க ஆடி வாங்கிய 1-ம் எண் அப்படியே இருந்தது, கோர்ட்டில் இறங்கியது வேறு அணி. போன வருஷம் புதுச்சேரிக்காகக் கோப்பை தூக்கிய பெண்களில் எத்தனை பேர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள், புதிதாக யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று உங்கள் நிருபர் அந்தக் கல்லூரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

போன சனிக்கிழமை நானும் மகளும் பஸ் ஏறிப் போய் அந்த அணி பயிற்சி ஆட்டம் ஆடுவதைப் பார்த்தோம். நோட்டும் வந்தது. என்ன பார்த்தோம் என்பதை இங்கே எழுத மாட்டேன், உங்கள் பேப்பர் புதுச்சேரியிலும் விற்கிறது. எப்படிப் பார்த்தோம் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

ஆட்டம் தொடங்க அரை மணி முன்னாலேயே போய்விட வேண்டும், ஏனென்றால் ஓடி வந்து கூடைக்குப் பக்கத்திலிருந்து போடுகிற லே-அப் வரிசை இடது பக்கத்துக்கு மாறும்போது யார் யார் அப்போதும் வலது கையாலேயே போடுகிறார்கள் என்பதை வார்ம் அப்பில்தான் நிம்மதியாகப் பார்க்கலாம். நடுக்கோட்டுக்கு நேரே உட்காரக் கூடாது, அங்கே உட்கார்ந்தால் கண் பந்தோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தால் பந்து இல்லாத நாலு பேர் தெரிவார்கள், யார் ஸ்கிரீன் போடப் போகிறார்கள் (தோழியை விரட்டுகிறவளை மறித்து நிற்பது), யார் பந்து வரவில்லை என்றதும் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுகிறார்கள், எல்லாம். அவர்களோடு ஆடுகிற அணி முழுக் கோர்ட்டிலும் நெருக்கி மறித்து பிரஸ் போடும்போது 8 விநாடிக்குள் பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுவர அவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும், அந்தப் பெண்ணைத்தான் மறிக்க வேண்டும். பெஞ்சிலிருந்து முதலில் யாரை எழுப்புகிறார்கள். முதல் கால்பகுதியிலேயே 2 ஃபவுல் வாங்குவது யார், 5 ஆனால் வெளியே என்பது 6 அடிக்காரர்களுக்கும் சேர்த்துத்தானே. அப்புறம் கடைசிக் கால்பகுதி. கோர்ட்டின் நீளம் 28 மீட்டர், அந்த உயரமானவர் டிஃபென்ஸுக்குத் திரும்பி வரும்போது ஓடி வருகிறாரா நடந்து வருகிறாரா. என் மகள் அதற்கு மட்டும் தனிப் பக்கம் போட்டு ஒவ்வொரு தடவையும் கோடு கிழித்தாள், எத்தனை கோடு என்று கேட்காதீர்கள்.

இதையெல்லாம் முறையாகக் கணக்கு போட்டுப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், டீன் ஆலிவர் என்கிற அமெரிக்கப் புள்ளிவிவரக்காரர். ஓர் ஆட்டத்தை நான்கு விஷயம்தான் முடிவு செய்கிறது என்பது அவர் கணக்கு. போடுகிற பந்து எவ்வளவு விழுகிறது என்பதற்கு 40 சதவீதம், பந்தைத் தொலைக்காமல் இருப்பதற்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15 என்று பங்கு பிரித்தார். உயரம் என்று தனியாக ஒரு பங்கு அதில் கிடையாது. ரீபவுண்டில் கொஞ்சம், பக்கத்திலிருந்து போடுவதில் கொஞ்சம் என்று கலந்திருக்கும், அவ்வளவுதான். 1995-லேயே இது என் கையில் கிடைத்திருந்தால் அந்த 15-ஐப் பார்த்தாவது ஃப்ரீ த்ரோ பழகியிருப்பேன்.

உங்கள் செய்தியில் விடுபட்ட இன்னொன்று, ஆட்டம் நடக்கும் இடம். புதுச்சேரி அணி உள்ளரங்கத்தில் ஆடிப் பழகியது. இங்கே நடக்கப்போவது வெட்டவெளியில், சிமென்ட் கோர்ட்டில், சாயங்காலம் 4 மணிக்கு. அந்த நேரத்தில் கடலூரில் கிழக்கே இருந்து கடற்காற்று வந்துவிடும், சில்வர் பீச்சில் உட்கார்ந்து வாங்கினால் சுகமான காற்றுதான், ஆனால் பெண்கள் ஆடுகிற 6-ம் நம்பர் பந்தை 6.75 மீட்டரிலிருந்து போடும்போது அதே காற்று அதை ரிம்முக்கு முன்னாலேயே இறக்கிவிடும். கிழக்குக் கூடைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்க வேண்டும், மேற்குக் கூடைக்குக் கொஞ்சம் குறைக்க வேண்டும், எங்கள் பெண்களுக்கு இது யோசிக்காமலே வரும். பாதியில் பக்கம் மாறுவார்கள், ஆகவே வெளியிலிருந்து போடுகிற அணியாக இருந்தால் எந்தப் பாதியில் எந்தக் கூடை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். இதை எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை, காற்றை யார் ஒளித்துவைக்க முடியும்?

ஓர் உதவி கேட்கிறேன். முடிவுகளைப் போடும்போது மொத்தப் புள்ளியோடு ஒவ்வொரு கால்பகுதியின் புள்ளியையும், ஃப்ரீ த்ரோ எத்தனைக்கு எத்தனை என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஸ்கோர் ஷீட்டிலேயே இருக்கும், கேட்டால் தருவார்கள். அடுத்த அணி அதைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்ளும். பெண்களின் இனிஷியலையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள், ஒரு பெண்ணின் அம்மா ரொம்ப வருத்தப்பட்டார்.

அந்தப் பிவட் பொண்ணுக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். உயரம் என்ற ஒரு சொல்லோடு அவளை முடித்துவிட்டீர்கள். சனிக்கிழமை பார்த்தேன், இரண்டு பேர் நடுவில் மாட்டிக்கொண்டும் பதறாமல், தலைக்கு மேலே பந்தை வைத்துக்கொண்டு, மூலையில் நிற்கிற தோழிக்கு அவள் எடுத்துக் கொடுத்த ஒரு பாஸ் இருக்கிறதே, ஐயோ, சொல்ல மாட்டேன் என்றேன், சொல்லிவிட்டேன்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் மகள் வாங்கி வாசித்தாள். பாராட்டு என்பதால் அந்தப் பாஸை மட்டும் விட்டுவிட்டு, எதிரணிக்கு உதவும் என்று வேறு இரண்டு வரியைப் பேனாவால் அடித்துவிட்டாள். அந்த இரண்டு வரியை ஆட்டம் முடிந்த மறுநாள் தனியாக அனுப்புகிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய பாயின்ட் கார்டு ஒருவன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.