கப்பல் ஐந்து மணிக்கு என்றால்

பினாங்கு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தபோது தைப்பூசத்துக்கு வந்த விருந்தாளிகள் இன்னும் வீட்டில்தான் இருந்தார்கள். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். தண்ணீர்மலைக்கு இந்த ஆண்டும் போனேன், ஆனால் மேலே ஏறவில்லை. ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளுக்கு என் முழங்கால் சம்மதிக்கவில்லை. அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்து என் பங்குப் புண்ணியத்தைத் தேடிக்கொண்டேன். உன் பேத்தி அதற்குள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாளா? நேற்றுதான் தொட்டிலில் பார்த்தது போல இருக்கிறது.

பிள்ளைகள் சேர்ந்து உன்னையும் அண்ணனையும் கப்பல் சுற்றுலாவுக்கு அனுப்புகிறார்கள் என்று படித்ததும் மகிழ்ச்சி. அந்தக் கப்பல் பினாங்குக்கும் வருகிறது என்ற வரியைப் படித்ததும் இன்னும் அதிக மகிழ்ச்சி.

இனி உங்கள் வழக்குக்கு வருகிறேன். சிங்கப்பூரில் கப்பல் மாலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறது. காலை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிடலாம் என்று நீ சொல்கிறாய், நான்கு மணிக்குப் போனால் போதும் என்று அண்ணன் சொல்கிறார். கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்திருக்கிறது. தீர்ப்பு உங்கள் இருவருக்குமே பாதகம்தான்.

முதலில் அண்ணனுக்கு. ஐந்து மணி என்பது கப்பல் கரையை விட்டு நகரும் நேரம். ஏறுவதற்கான பதிவை அதற்கு ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். எந்த நேரம் என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கச் சொல். பதிவை மூடியதும் ஏறியவர்களின் பெயர்ப் பட்டியலை உறுதி செய்து குடிநுழைவுத் துறைக்கும் துறைமுகத்துக்கும் கொடுக்க வேண்டும். கப்பலை வெளியே கொண்டுபோகும் வழிகாட்டி மாலுமியும் இழுவைப் படகும் குறித்த நேரத்துக்குச் சொல்லி வைத்தவை. ஒரு குடும்பத்துக்காக அதையெல்லாம் நிறுத்தி வைக்கமாட்டார்கள். நான்கு மணிக்கு நீங்கள் போய் நின்றால், கப்பல் கண்ணெதிரே நிற்கும், ஆனால் ஏற முடியாது.

இப்போது உனக்கு. நீ ஏறப்போகும் கப்பல் அன்று விடிகாலையில்தான் முந்தைய பயணத்தை முடித்துக்கொண்டு வந்து நிற்கும். பெரிய கப்பல் என்றால் மூவாயிரம், நாலாயிரம் பேர் மூட்டை முடிச்சுகளோடு இறங்குவார்கள். அவர்கள் இறங்கி, அறைகளைக் கழுவித் துடைத்து, விரிப்புகளை மாற்றி, அடுத்த பயணத்துக்கான காய்கறியும் இறைச்சியும் ஏற்றி முடிக்க நண்பகலாகிவிடும். எட்டு மணிக்கு நீ போனால் இறங்கும் கூட்டத்துக்கு எதிர்நீச்சல் போடலாம், அவ்வளவுதான். பதினொரு மணிக்கு மேல்தான் பொதுவாக ஏற்றத் தொடங்குவார்கள்.

இணையத்தில் முன்பதிவு செய்யும்போது உனக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவார்கள், அதுதான் நீ போக வேண்டிய நேரம். சீக்கிரம் பதிவு செய்பவர்களுக்கு நல்ல நேரங்கள் கிடைக்கும், ஆகவே பதிவு திறந்த அன்றே மகனை உட்கார வைத்துச் செய்துவிடு. என்னைக் கேட்டால் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் கிடைப்பதை எடுப்பேன். அறை தயாராக இரண்டு மணி ஆனாலும் சாப்பாட்டுக் கூடம் திறந்திருக்கும். கொடுத்த காசுக்கு அன்றைய மதிய உணவும் சேர்த்திதானே.

இன்னொரு காரணமும் உண்டு. உயிர்காப்புப் பயிற்சி, அதாவது ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், அங்கியை எப்படிப் போட வேண்டும் என்று காட்டுவது. 2012-இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா என்ற கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்களே, அன்று மாலை புதிதாக ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தப் பயிற்சி இன்னும் கொடுக்கப்படவில்லை. அதன் பிறகுதான், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சியை முடித்தாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. 2015 முதல் அது நடப்பில் இருக்கிறது. அண்ணன் அறையில் படுத்துத் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்.

உன் திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது இரவுப் பஸ். கோலாலம்பூரில் இரவு ஏறினால் விடியும் நேரத்தில் ஜொகூர் பாருவில் இருப்பீர்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற நம் மக்கள் பாலத்தில் நெரிசலாக நிற்கும் நேரம் அது. இரண்டு பக்கமும் குடிநுழைவுச் சாவடியில் பெட்டியோடு இறங்கி ஏற வேண்டும். கப்பல் ஏறும் நாளன்று அந்தச் சூதாட்டம் எதற்கு? முதல் நாளே போய் ஈசூனில் உன் நாத்தனார் வீட்டில் தங்கு. அங்கே ரயில் ஏறினால் மாறாமலேயே கடைசி நிலையமான மரினா சவுத் பியர் வரை போகலாம், முனையத்துக்கு அங்கிருந்து நடைதான். பெட்டி கனமாக இருந்தால் டாக்சி பிடி. ஆனால் ஓட்டுநரிடம் மரினா பே முனையம் என்று தெளிவாகச் சொல். சிங்கப்பூரில் ஹார்பர்பிரண்டிலும் ஒரு கப்பல் முனையம் இருக்கிறது. சீட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள். சிங்கப்பூர் வருகை அட்டையை நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளங்களை நம்பாதே. கடப்பிதழ்கள் காலாவதியாக ஆறு மாதமாவது இருக்கட்டும்.

பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். அண்ணனின் இரத்த அழுத்த மாத்திரையும் கடப்பிதழும் உன் தோள்பையில் இருக்கட்டும். துணி தேய்க்கும் பெட்டியை எடுத்துப் போகாதே, பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

என் அப்பா ரஜூலா கப்பலில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்பது உனக்குத் தெரியும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஆழக்கடலில் நிற்குமாம், படகில் போய்த்தான் ஏற வேண்டுமாம். முன்கூட்டியே ஊரை விட்டுக் கிளம்பி, சத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டுக் காத்திருந்த கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். நீ எட்டு மணி என்றதும் அவர் நினைவுதான் வந்தது.

சிங்கப்பூரில் ஏறுவதைவிட நடுவழித் துறைமுகங்களில் திரும்பி ஏறுவதில்தான் எனக்குக் கவலை. ஊர் சுற்றப் போனவர்கள் நேரத்துக்கு வராவிட்டால் கப்பல் ஊழியர்கள் அவர்களின் அறையில் கடப்பிதழைத் தேடி எடுத்து, ஓர் உறையில் போட்டு முகவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி எத்தனையோ உறைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் கைநிறையப் பையோடு அவர்களும் வந்து நிற்பார்கள். கணவன் மனைவியைப் பார்ப்பார், மனைவி கடைத்தெருவைப் பார்ப்பார். அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் பெரும்பாலும் காத்திருப்பார்கள், தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்கமாட்டார்கள்.

பூகெட்டில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்தங்கியது. கரையில் இறங்கியதும் கைப்பேசி தானாக மாறிவிடும், கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடக்கூடும். அண்ணன் கையில் பழைய கடிகாரத்தைக் கட்டிவிட்டுக் கப்பல் நேரத்துக்கு வைத்துவிடு. அங்கே படகில் கரைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு இறங்கு.

பினாங்கில் நான் இருக்கிறேன். ஸ்வெட்டன்ஹாம் துறையை விட்டு வெளியே வந்ததும் விக்டோரியா மகாராணி மணிக்கூண்டு தெரியும், அறுபது ஆண்டு ஆட்சிக்கு அறுபது அடி என்று கட்டியது. அதன் அடியில் நிற்பேன். கொடிமலைக்குப் போக ஆசை என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். ஆயர் ஈத்தாம் சாலை நெரிசலும் மலை ரயில் வரிசையும் சேர்ந்தால் பாதி நாள் போய்விடும், கீழே இறங்கவும் அதே வரிசை. குவீன் தெரு மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஜெலுத்தோங்கில் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்பே உங்களைத் துறையில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். கெஞ்சினாலும் கூடுதலாகப் பத்து நிமிடம் தரமாட்டேன்.

அதிரசம் சுட்டுக்கொண்டு வருவதாக எழுதியிருக்கிறாய். வீட்டில் செய்ததைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற விடமாட்டார்கள். நாத்தனாருக்குக் கொடுத்துவிடு.

கப்பலின் பெயரையும் பினாங்கு வரும் தேதியையும் உடனே எழுது. மருமகனிடம் வண்டிக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குத்தான் அவருக்கு ஈப்போவில் வேலை வரும்.

அன்புடன்,
சாரதா