ஃபார்முலா ஒன்னில் இருந்து டிரக்குக்கு: ஞாயிறு கூடுகை

நண்பர்களே, வணக்கம்.

ஜூன் 14, ஞாயிறு மாலை 5.30 மணிக்குப் பாளையில் என் வீட்டு மாடியில் கூடுகிறோம். இந்த முறை பேச்சு நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனைப் பற்றி. 2005இல் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர், 2010இல் அமெரிக்காவில் நாஸ்கார் என்ற பந்தய அமைப்பு நடத்தும் டிரக் பந்தயத்துக்குப் போனார். டிரக் என்றால் பைபாஸ் லாரி இல்லை, பிக்கப் உருவத்தில் ஒன்றரை டன் பந்தய வண்டி. சுற்றுப் பாதை, பெரும்பாலும் இடப்பக்கமே திருப்பம். அங்கே மார்ட்டின்ஸ்வில் ஊரில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே 13ஆம் இடம்!

1. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் இங்கே எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கு வராது.
2. புரொஜெக்டர் வைத்திருப்பவர் சொல்லுங்கள். போன தடவை லேப்டாப்பை எட்டிப் பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது.
3. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.
4. அல்வா வேண்டாம், மிக்சர் போதும். சுக்கு காபி என் பொறுப்பு.