ஆச்சிக்கு, இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து (எங்கள் செட்டிநாட்டுப் பேச்சில் ஆச்சி அக்கா, அப்பச்சி அப்பா, ஆத்தா அம்மா)

அன்புள்ள ஆச்சி,

போனில் பேசினால் பக்கத்திலேயே அப்பச்சி இருப்பார்கள், அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். குன்றக்குடியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஆத்தா "அடுத்த வருஷம் படிப்பை முடித்துவிட்டு வந்துவிடுவாள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களாமே? இங்கே முதல் பட்டத்துக்கே 3 வருஷம், அதற்கு மேல்படிப்பு 2 வருஷம். எனக்கு அந்த 5 வருஷமும் வேண்டும்.

எங்கள் இசைக் கல்லூரியான சான் பியெத்ரோ அ மயேல்லாவுக்கு முன்னோடியாக இருந்தவை நாலு பழைய அனாதை விடுதிகள், எல்லாம் 1500களில் தொடங்கியவை. பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, ஊரில் சாவு விழுந்தால் பாடக் கூட்டிப்போவார்களாம், அந்த வருமானத்தில் விடுதி நடக்கும். அங்கே இருந்த போர்ப்போரா என்ற வாத்தியார், காஃபரெல்லி என்ற பையனை ஐந்தாறு வருஷம் ஒரே தாளில் இருந்த பயிற்சிகளை மட்டும் பாடவைத்து, கடைசியில் "போய் வா, ஐரோப்பாவிலேயே பெரிய பாடகன் நீதான்" என்று அனுப்பிவிட்டாராம். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை, ஆனால் என் டீச்சருக்கு இருக்கிறது போல. வந்ததிலிருந்து மூச்சும் 'ஆ'வும்தான், பாட்டு என்று ஒன்று இன்னும் கையில் வரவில்லை. சரளி வரிசையே பரவாயில்லை ஆச்சி, அதிலாவது ஏழு ஸ்வரம் இருந்தது!

இன்னொரு குழப்பம். நம் 'ச' எந்தச் சுருதிக் கட்டையிலும் போய் உட்காரும், இவர்களுடைய முதல் ஸ்வரமான 'தோ' இடத்தை விட்டு நகராது. அப்புறம் மைக் கிடையாது. நாற்பது பேர் வாத்தியம் வாசிக்க, அதைத் தாண்டி கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும், அதுவும் கத்தாமல். நான் 5 கட்டையில் மைக்கை நம்பியே பாடி வளர்ந்தவள், மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் இரண்டாகப் பிளக்கிறது. அதைத் தைக்கத்தான் இந்த 'ஆ' எல்லாம் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது.

இந்த ஊருக்கே பாட்டுக்காரி கதை ஒன்று உண்டு. பார்த்தெனோப்பே என்ற கடல்கன்னி பாடியும் கிரேக்க வீரன் ஒடிசியஸ் மயங்காமல் கப்பலோடு போய்விட, அவள் கடலில் விழுந்து செத்து, உடல் ஒதுங்கிய இடத்தில்தான் ஊர் எழுந்ததாம். ஒரு கச்சேரி எடுபடவில்லை என்று உயிரை விடுவதென்றால் காரைக்குடியில் எத்தனை பேர் மிஞ்சுவோம், சொல்லுங்கள்.

இங்கே சான் கார்லோ என்ற ஓபரா அரங்கம், 1737இல் திறந்தது, மிலானின் லா ஸ்காலாவுக்கும் மூத்தது. அங்கே பாட வேண்டும். முதலில் கோரஸில் நிற்கக் கிடைத்தாலும் சரி, ஆனால் அதோடு நிற்க மாட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். அரியக்குடிக்கு அடுத்த ஊரில் பிறந்துவிட்டு இதென்ன ஆசை என்று அப்பச்சி கேட்பார்கள். கேட்கட்டும், கர்நாடக சங்கீத வித்வான் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் கச்சேரியை இருந்தபடியே விட்டுவிடவில்லையே, அவர்தானே அதை மாற்றி அமைத்தார்.

பணத்துக்குப் பயப்பட வேண்டாம். இது அரசுக் கல்லூரி, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் ஃபீஸ். அறை வாடகைதான் கடிக்கிறது, அதற்குக் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன்.

அப்பச்சியிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அவர்களுடைய ஐயா பர்மாவுக்கு 3 வருஷக் கணக்கில் கொண்டு விற்க, அதாவது தொழில் பார்க்க, போனபோது யாராவது தடுத்தார்களா என்று கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு "பெண் படிக்கிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட பிறகு பேச்சை எடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம்.

உங்கள் தங்கை